இரவலா, சொந்தமா?

நேயர்களுக்கு வணக்கம். பைத்தான் நிரல்களில் வேகம் தேவைப்படும் இடங்களைச் சி மொழியில் எழுதிச் சேர்ப்பது வழக்கம். அந்த எல்லையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான்.

பைத்தான், தன் பொருள் ஒவ்வொன்றையும் நிரலில் எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்று எண்ணிவைக்கும். எண்ணிக்கை பூச்சியமானால் நினைவகத்தை மீட்டுக்கொள்ளும். சி பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதுபவரே ஏற்றி இறக்க வேண்டும்.

ஒரு பட்டியலின் மூன்றாவது உருப்படி வேண்டும் என்று வையுங்கள். பைலிஸ்ட் கெட்ஐட்டம் என்ற செயற்கூறும் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்துண்டு) தரும், பைசீக்வன்ஸ் கெட்ஐட்டம் என்பதும் தரும். வாங்குவதும் திருப்பித் தருவதும் ஒரே வகை. ஆனால் முன்னது தருவது இரவல். அதை நாம் விடுவிக்கக் கூடாது, அதாவது அதன் கணக்கை இறக்கக் கூடாது. பின்னது தருவது சொந்தம். வேலை முடிந்ததும் நாம்தான் விடுவிக்க வேண்டும். பைலிஸ்ட் செட்ஐட்டமோ, நாம் கொடுத்ததைத் தனதாக்கிக்கொள்ளும். இதற்கு அதிகாரபூர்வ ஆவணமே ‘திருடுகிறது’ என்றுதான் எழுதியிருக்கிறது!

நிரலைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் பைத்தான் ஆவணத்தில் இத்தகைய செயற்கூறுகளின் கீழே இரவலா, புதியதா என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2024இல் வந்த 3.13 பதிப்பில், சொந்தமாகவே தரும் பைலிஸ்ட் கெட்ஐட்டம்ரெஃப் என்ற செயற்கூறையும் சேர்த்தார்கள்.

ஒருமுறை, வேறொருவர் எழுதிய சி நிரல் என் கைக்கு வந்தது. ஒரு செயற்கூறின் தலையில் ‘பெயரைத் தரும்’ என்று மட்டும் குறிப்பு. பெயரைத் தரும் என்பதுதான் அதன் பெயரிலேயே இருக்கிறதே! சொந்தம் என்று நினைத்து நான் விடுவித்தேன். நிரல் உடனே விழவில்லை. மூன்றாம் நாள், சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் விழுந்தது. காரணத்தைத் தேடி இரண்டு இரவுகள் போயின. பிறகு அந்தக் குறிப்பின் கீழ் எழுதினேன்: ‘இரவல். விடுவிக்காதீர்கள்.’

இதைப் பைத்தான் பக்கம் படிப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்ப் என்று தட்டிப் பார்க்கும் அவருக்கு, என்ன கொடுக்க வேண்டும், எப்போது பிழை வரும் என்பது போதும். அந்த உதவிக் குறிப்பும் சி கோப்புக்குள்தான் கிடக்கும் என்பது வேறு விஷயம். சி பக்கத்தைப் பராமரிப்பவருக்கோ உடைமைக் கணக்குதான் உயிர். இருவருக்கும் ஒரே பத்தியில் எழுதினால் இருவருமே படிக்கமாட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து அந்த நிரலைத் திரும்பப் பார்த்தேன். என் குறிப்பு அப்படியே இருந்தது. யாரோ செயற்கூறை மட்டும் மாற்றி, சொந்தமாகத் தரும்படி ஆக்கியிருந்தார்கள். குறிப்பை நம்பி ஒருவரும் விடுவிக்கவில்லை. நினைவகம் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது.