பகைவர் கைமாற்றிய கலை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பாறைக்குன்றில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சிறிய கோயில் ஒன்று உண்டு. முகப்பின் இரு கோடியிலும் கதாயுதத்தின் மேல் சாய்ந்தபடி இரண்டு வாயிற்காவலர் நிற்கிறார்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயர் கொண்ட அம்மன்னன் இக்கோயிலை ஆக்குவித்தான் என்கிறது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. எவையெல்லாம் சேர்க்கப்படவில்லை என்று அடுக்கிச் சொல்வதிலேயே அம்மன்னனுக்கு அத்தனை பெருமிதம்! அதுவரை அந்நான்கையும் கொண்டு கட்டப்பட்டு, மழைக்கும் கறையானுக்கும் இரையாகிப் போன கோயில்கள் எத்தனையோ இருந்திருக்க வேண்டும் என்பதும் அந்த ஒரு வரியிலிருந்தே நமக்குப் புலப்படுகிறது.

பல்லவர் காலத்தைக் கலைகளின் பொற்காலம் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். அந்தப் பொற்காலத்தில் பல்லவரின் பரம எதிரிகளான சாளுக்கியருக்கு இருந்த பங்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சாளுக்கியரின் தலைநகரான வாதாபியில், அதாவது இன்றைய கர்நாடகத்துப் பாதாமியில், முதலாம் கீர்த்திவர்மன் ஆட்சியில், அவன் தம்பி மங்களேசனின் முயற்சியால், 578-ஆம் ஆண்டிலேயே திருமாலுக்கு மிகப் பெரிய குடைவரை ஒன்று எழுந்துவிட்டது. ஆனால் அங்குள்ள பாறை மணற்கல், உளிக்கு இணங்கிவரும். பல்லவர் ஆண்ட தொண்டை நாட்டுப் பாறையோ கருங்கல். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளைக் கூர்ந்து பார்த்தால் வேலை நடந்த விதம் தெரியும்: பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கோடுகளின் வழியே ஆழமாகப் பள்ளம் வெட்டி, இடையில் துருத்தி நிற்கும் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பெயர்த்திருக்கிறார்கள். மகாபலிபுரம் போகிறவர்கள் முடிந்த சிற்பங்களோடு இந்த முடியாத வேலைகளையும் ஒரு பத்து நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

இரண்டு அரசுகளுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகப் போர் நடந்தது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்று, கர்நாடகத்து ஐகொளெக் கல்வெட்டில் புகழ்கிறான் அவனுடைய கவி இரவிகீர்த்தி. அதன் ஆண்டு 634. எட்டு ஆண்டுகளுக்குள் மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றி, அவ்வூர்ப் பாறையிலேயே தன் பெயரைப் பொறித்தான்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலைக் கட்டினான். அடித்தளத்துக்குக் கருங்கல், மேலே மணற்கல், சுற்றிலும் வரிசையாகச் சிற்றாலயங்கள். அவற்றில் சிலவற்றின் உட்சுவர்களில் பழைய வண்ண ஓவியத்தின் துண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிற்காலச் சோழர் கல்வெட்டு இதனைக் ‘கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி’ என்று குறிப்பிடுகிறது. இராசசிம்மன் மறைந்த சில ஆண்டுகளில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்து காஞ்சியைப் பிடித்தான். வாதாபிக்குப் பழிவாங்க அவனுக்குக் காரணம் இருந்தது. ஆனால் அவன் நகரை அழிக்கவில்லை. இக்கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதை இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான். அந்தச் செய்தியைக் கன்னடத்தில், இக்கோயில் மண்டபத்துத் தூணிலேயே வெட்டுவித்தும் சென்றான். இன்றும் அதனை அங்கே காணலாம். வென்றவன் விட்டுச் சென்ற எழுத்தைப் பின்னால் வந்த பல்லவரும் சிதைக்கவில்லை என்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

அவன் காஞ்சியை வென்றதன் நினைவாக, அவனுடைய அரசி உலோகமாதேவி, வாதாபிக்கு அருகிலுள்ள பட்டடக்கல்லில் ஒரு பெருங்கோயில் எடுப்பித்தாள். இன்று அது விருபாட்சர் கோயில். அடுக்கடுக்காக உயரும் விமானமும் எதிரே தனியாக நிற்கும் நந்தி மண்டபமும் தென்னாட்டு முறையில் அமைந்தவை. இதில் என்னைக் கவர்வது ஒன்று உண்டு: அக்கோயில் கல்வெட்டுகள் அரசியோடு கலைஞர்களையும் பெயர் சொல்லிச் சிறப்பிக்கின்றன. குண்டன் அனிவாரிதாசாரி என்பவன் திரிபுவனாசாரி என்னும் பட்டம் பெற்றான். சர்வசித்தி ஆசாரி என்னும் இன்னொருவனைக் கல்வெட்டு ‘தென்திசைச் சூத்திரதாரி’, அதாவது தென்னாட்டுக் கட்டடக் கலைஞன், என்கிறது. அவன் காஞ்சியின் தொழில்மரபை அறிந்தவனாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். படை திரும்பிய வழியில் பொன்னைக் காட்டிலும் இந்தத் தொழிலறிவே மிகுதியாக வடக்கே சென்றது எனலாம்.

சாளுக்கியரை வீழ்த்திய இராட்டிரகூடரிடம் அத்தொழிலறிவு அடுத்துப் போய்ச் சேர்ந்தது. முதலாம் கிருஷ்ணன் காலத்தில், விருபாட்சர் கோயிலின் சாயலிலேயே, எல்லோராவில் ஒரு மலையை மேலிருந்து கீழாக வெட்டிக் கயிலாசநாதர் கோயிலை வடித்தார்கள். சாரம் கட்டி ஏற வேண்டியதில்லை. சிகரத்தில் தொடங்கி, நின்ற இடத்தையே வெட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். ஆனால் ஒரு முறை தவறுதலாகப் பெயர்த்த கல்லை மறுபடி ஒட்டவைக்க வழி கிடையாது. அவ்வம்சத்துக் கர்க்கன் 812-இல் வெளியிட்ட செப்பேடு ஒன்று, அதை ஆக்கிய சிற்பியே, ‘ஐயோ, இதை நான் எப்படிச் செய்தேன்!’ என்று திகைத்து நின்றதாகச் சொல்கிறது. பட்டடக்கல்லில் இருவரின் பெயர்கள் கிடைத்தன. இங்கே அந்தத் திகைப்பு மட்டுமே பதிவாகியிருக்கிறது, பெயர் இல்லை.

வணக்கம்.