விரலை விடும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

விஜயதசமி நாளில் நம் கோயில்களில் ஏடு தொடக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஐயரோ மூத்த ஆசிரியர் ஒருவரோ பிள்ளையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைத் தன் கைக்குள் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியிலே 'அ' என்று எழுதுவிப்பார். எழுத்தை முதலில் விரல் அறியட்டும், பென்சில் பிறகு வரட்டும் என்ற நல்ல கல்வியறிவு அந்தச் சடங்குக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அன்று பிடித்த விரலை நாம் எப்போது விடுகிறோம்? ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்த எனக்கு, மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இந்தக் கேள்வியே இன்றும் பெரிதாகத் தெரிகிறது.

பிள்ளையின் விரலைப் பெரிதும் நம்பியவர் இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ என்னும் பகுதியில், பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளுக்காக அவர் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் பயிற்சி வகுப்பு நடத்தச் சென்னை அடையாறுக்கு வந்தவர், யுத்தத்தில் இத்தாலியும் இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். இன்று அவருடைய பெயர் நம் ஊர்களில் முன்பள்ளிக்கே மறுபெயராகிவிட்டது. பலகையில் அந்தப் பெயரை எழுதிவிட்டு, உள்ளே மூன்று வயதுப் பிள்ளையைக் கதிரையில் அசையாமல் இருத்தி, பக்கம் முழுவதும் ஒரே எழுத்தை எழுதுவிக்கும் இடங்களையும் நான் கண்டிருக்கிறேன்.

அம்மையார் அமைத்த பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது பத்துக் குழிகள் கொண்ட ஒரு மரக்கட்டை. ஒவ்வொரு குழிக்கும் அளவான ஓர் உருளை உண்டு. பிடித்துத் தூக்குவதற்கு அதன் தலையில் சிறு குமிழ் உண்டு. பென்சில் பிடிக்கப்போகும் மூன்று விரல்களாலேயே அந்தக் குமிழைப் பிடிக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சிறிய உருளை ஒன்றைப் பெரிய குழிக்குள் போட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் மிஞ்சும். பிழை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கட்டையே சொல்லிவிடுகிறது, அதுவும் அதட்டாமல் சொல்கிறது. பிள்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெட்கப்படாமல் முதலிலிருந்து தொடங்கும். சிவப்புப் பேனையோடு பழகிய எனக்கு இது முதலில் மனத்தாங்கலாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைச் சுதந்திரம் என்றவுடன், பிள்ளைகள் நினைத்தபடி ஓடித் திரிவார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த வகுப்பில் பிள்ளை தரையில் ஒரு பாயை விரித்து, அதன் மேல்தான் வேலை செய்யும். அடுத்தவர் பாயை மிதிப்பதில்லை. வேலை முடிந்ததும் பொருளை எடுத்த இடத்திலே வைத்துப் பாயைச் சுருட்ட வேண்டும். பன்பாய் இழைக்கும் கைகள் நிறைந்த நம் பிரதேசத்தில் இதற்கு வெளிநாட்டுப் பணம் எதுவும் தேவையில்லை. எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் ஊரியும், ஊற்றிப் பழகச் செம்பும் சிரட்டையும் போதும்.

நம் அரச பாடத்திட்டமும் இதற்குத் தடையாக இல்லை. 1999இல் தரம் 1இலிருந்து நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், வழிகாட்டப்பட்ட விளையாட்டையும் செயற்பாட்டையும் எழுத்து வேலைக்கு நிகரான கற்றல் முறைகளாகவே ஏற்றுக்கொண்டது. தடை வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தாம் தரத்தில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு, மூன்றாம் தரத்திலேயே மாலை வகுப்புத் தொடங்கிவிடுகிறது. விடையை வேகமாகச் சொல்பவரே நல்ல ஆசிரியர் என்றாகிவிடுகிறது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வயலையும் வாவியையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தப் பரீட்சை வசதியான பாடசாலைக்கு ஒரு வாசல். ஆயினும் சப்பாத்து நாடாவை அம்மா கட்டிவிட, சாப்பாட்டை அம்மம்மா ஊட்டிவிட, கணக்கை ரியூசன் ஆசிரியர் செய்துகொடுக்க வளரும் பிள்ளை, தன் கையால் எதைத்தான் முடித்திருக்கிறது?

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தரம் 2க்கு அளவைகள் கற்பித்தபோது, ஒரு பெட்டி நெல்லும் கொத்துப் பேணியும் சுண்டுப் பேணியும் கொடுத்து, ஒரு கொத்துக்கு எத்தனை சுண்டு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு சிறுமி சுண்டைக் குவித்து நிரப்பி ஒருமுறை அளந்தாள். குவிக்காமல் இன்னொருமுறை அளந்தாள். இரண்டும் ஒத்துவரவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பேணியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பொறுக்க மாட்டாமல் நான், "தலைதட்டி அளக்க வேணும், மகள்" என்று சொல்லி விடையையும் சொல்லிவிட்டேன். அவள் பேணியைக் கீழே வைத்தாள். "டீச்சருக்குத் தெரியும்தானே" என்றாள். அதற்குப் பிறகு அன்று அவள் அந்த நெல்லைத் தொடவே இல்லை.

அடுத்த ஆண்டு அதே பேணிகளை எடுத்தபோது, என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாயைக் கட்டுவதுதான் கடினமாக இருந்தது. ஒரு சிறுவன் அதே இடத்தில் தடுமாறி நின்றான். நாலைந்து தரம் கொட்டி அளந்தான். பிறகு புத்தகப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, சுண்டின் வாயிலே வைத்து இழுத்து, மிகுந்த நெல்லைப் பெட்டிக்குள் வழித்துவிட்டான். ஒரு பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று. புத்தகத்தில் செய்ய இருந்த கணக்குகள் செய்யப்படவில்லை. மணி அடித்தபோது அவன் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். அவன் கண்ட எண்ணிக்கையை நான் இங்கே சொல்லவில்லை. வீட்டில் பேணியும் பிள்ளையும் இருப்பவர்கள் அளந்து பார்க்கலாம்.

வணக்கம்.