கல்லூரி வளாகமே! (ஆக்னஸ் டி மில் பற்றிய பட்டிமன்றத்தில் ஓர் அணியின் உரை)

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தலைப்பு இதுதான்: "நடனக் கலைஞர் ஆக்னஸ் டி மில்லை உருவாக்கியது நடனக்கூடமா, கல்லூரி வளாகமா?" நண்பர் நடனக்கூடத்துக்காக வாதாடினார். கொஸ்லாவ், ராம்பர்ட், டியூடர் என்று மூன்று ஆசான்களின் பெயரை அடுக்கினார். "பாலே ஆடுகிற பெண்ணுக்குப் பதினேழிலிருந்து இருபத்தொன்று வரைதான் பொற்காலம். அதைக் கொண்டுபோய் ஆங்கில இலக்கியத்துக்கும் சொராரிட்டிக்கும் தாரை வார்த்துவிட்டார்" என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார். வாங்கட்டும். கணக்கை நான் கொஞ்சம் சரிபார்க்கிறேன்.

முதலில் சொராரிட்டி. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவியர் சங்கம் அது. சேர்ந்தால் ஆயுளுக்கும் உறுப்பினர்; பட்டம் வாங்கிய பிறகும் 'பழைய மாணவி' என்ற உறவு தொடரும். கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சங்கம் 1870இல் இந்தியானா மாநிலத்தில் தொடங்கியது. ஆண்கள் படித்த கல்லூரியில் பெண்களைச் சேர்த்த புதிதில், அவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கூடு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆங்கிலம் படித்த ஆக்னஸ் டி மில் அந்தச் சங்கத்துப் பெண். சங்கம் அவருக்கு நடனம் சொல்லிக்கொடுத்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் நடுவரே என்னை உட்காரச் சொல்லிவிடுவார்.

இப்போது நடனக்கூடத்துக்குள் போவோம். ஆக்னஸ் பிறந்தது 1905, நியூயார்க். குடும்பம் 1914இல் ஹாலிவுட்டுக்குப் போனது. அப்பா வில்லியம் நாடக ஆசிரியர், திரைப்பட இயக்குநர். சித்தப்பா, பெயர்பெற்ற ஹாலிவுட் இயக்குநர் செசில் பி. டிமில். இப்படிப்பட்ட வீட்டிலும் மகள் ஆடுவதற்கு அனுமதி இல்லை. தங்கை மார்கரெட்டுக்குப் பாத வளைவு தாழ்ந்திருந்ததால் மருத்துவர் பாலே பயிற்சியைப் பரிந்துரைத்தார். அந்தச் சாக்கில்தான் அக்காவும் தியடோர் கொஸ்லாவின் வகுப்புக்குள் நுழைந்தார். அப்போது பதின்மூன்று வயது இருக்கும்.

இதில் என்ன சிக்கல் என்று அரைமண்டி இட்டவர்களுக்கு உடனே புரியும். பாலேவில் கால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டின் கிண்ணத்திலிருந்து வர வேண்டும். சின்ன வயதில் எலும்பும் தசைநாரும் இளகியிருக்கும்போது பழகினால், உடல் தன்னால் முடிந்த அளவுக்குத் திறக்கும். எட்டு, ஒன்பது வயதில் தொடங்கி, மூன்று நான்கு வருடம் கணுக்காலையும் முதுகையும் உறுதிப்படுத்தி, பிறகுதான் விரல்நுனிக் காலணி போட விடுவார்கள். பதின்மூன்றில் தொடங்குகிறவள் என்ன செய்வாள்? இடுப்பு திறக்காத மிச்சத்தை முட்டியிலிருந்து திருகி எடுப்பாள். தொடை ஒரு பக்கம் பார்க்கும், பாதம் வேறு பக்கம் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொண்ட முட்டி வலிக்கும். பாதத்தின் உள்வளைவு தரையில் சரியும். குதிகால் தசைநார் இறுகும். கண்ணாடியில் கோணம் சரியாக இருக்கும். குதித்து இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஆக்னஸுக்கு உடல்வாகும் பாலேவுக்கு ஏற்றதாக அமையவில்லை. ஆக, நண்பர் சொல்லும் அந்தப் பொற்காலம் நான்கு வருடத்தையும் கூடத்திலேயே கழித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? கூட்ட ஆட்டத்தில் பின்வரிசை. பதினெட்டு வயதில் பாலே குழுவில் சேர்கிற பெண்ணுக்குக் கல்லூரி இடைஞ்சல் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். பொதுவாகப் பேசினால் நண்பர் சொல்வது சரி. ஆனால் இந்தப் பெண்ணுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே மூடிக்கிடந்தது.

பட்டம் வாங்கி, 1928 வாக்கில் நியூயார்க் மேடையில் தனியாக ஆடத் தொடங்கினார். தனி நடனக் கச்சேரி என்றால் அரங்க வாடகை, பியானோக்காரர் சம்பளம், உடை, விளம்பரம் எல்லாம் ஆடுகிறவர் தலையில். நல்ல விமர்சனம் வரும், கையில் காசு நிற்காது. அவர் ஆடியதைப் பாருங்கள்: ஓவியர் டெகா வரைந்த நடனப் பெண்ணைப் போல, மேடையேறும் முன் நடுங்குகிற ஒருத்தி. சின்னச் சின்ன நாடகப் பாத்திரங்கள். கொஸ்லாவ் கூடத்தில் பாத்திரப் படைப்புக்குத் தனி வகுப்பு எடுத்ததாக நண்பர் நிரூபித்தால் நான் இப்போதே இறங்கிவிடுகிறேன்.

பிறகு லண்டன். மேரி ராம்பர்ட்டிடம் பயிற்சி; ஆன்டனி டியூடர் 1937இல் அமைத்த நடனத்தின் முதல் குழுவில் இடம். இதை நான் மறைக்கவில்லை. டியூடரிடம் அவர் கற்றது நிறைய. அந்த வருடங்கள் அவரை நட்சத்திரம் ஆக்கினவா? 1938இல் ஊர் திரும்பியபோதும் அவர் வாய்ப்புக்கு அலைகிற நடனக்காரிதான். முதல் மேடையிலிருந்து பெயர் நிலைக்கப் பதினான்கு வருடம் ஆனது.

அந்தப் பெயர் வந்த நாள் 1942 அக்டோபர் 16. மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கு, மான்டி கார்லோ பாலே ரூஸ் குழு, ஆரன் கோப்லாண்டின் இசை, ஆக்னஸ் அமைத்த 'ரோடியோ' பாலே. நாயகியான கௌகேர்ள், அதாவது மாட்டுக்காரப் பெண் பாத்திரத்தை ஆக்னஸே ஆடினார். கைதட்டலுக்காகத் திரை இருபத்திரண்டு முறை தூக்கப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், நடுவர் அவர்களே. வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ரஷ்ய மரபில் பழகிய ஆண்கள் மாட்டுக்காரர்களாக ஆட வேண்டும். பாலேக்காரன் உடம்பை மேலே இழுப்பான். குதித்தால் சத்தமில்லாமல் இறங்குவான். முதுகுத்தண்டு நிமிர்ந்தே இருக்கும். குதிரை ஓட்டுகிறவனுக்கு எல்லாமே தலைகீழ். எடை இடுப்பில் இறங்க வேண்டும். இல்லாத சேணத்தைத் தொடை இறுக்கிப் பிடிக்க வேண்டும். குதிரை துள்ளினால் முதலில் இடுப்பு அதிரும், அரைக் கணம் தள்ளித்தான் தோளும் தலையும் அதிரும். இடுப்பும் தோளும் ஒரே நேரத்தில் அசைந்தால் குதிரை காணாமல் போய்விடும். ஒருவன் சும்மா குதிப்பதாகத்தான் தெரியும். அழகாக இறங்கிப் பழகிய காலுக்கு இது அவமானம் மாதிரி. அதை மறக்கடிக்கவே ஒத்திகையில் பெரும்பாடு.

நடுவில் ஒரு கட்டத்தில் வாத்தியங்கள் நின்றுவிடும். கைதட்டு, கால்தட்டு, அடவைக் கூவிச் சொல்லும் ஒரு குரல், அவ்வளவுதான். கிராமத்துச் சதுர நடனத்தின் பழைய வடிவம் அது. தாளத்தைத் தாங்க வாத்தியம் இல்லாததால் ஒருவர் அரை மாத்திரை முந்தினாலும் மொத்த வளையமும் கோணும். இந்தச் சரக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர் சொல்லும் பாலே கூடத்தில் கிடையாது. தன் நாட்டு மக்கள் எப்படி நிற்கிறார்கள், நடக்கிறார்கள் என்று தேடிப்போய்ப் படிக்கிற புத்தி வேண்டும். அந்தப் புத்திக்குப் பெயர் கல்வி.

'ரோடியோ'வின் கதை என்ன? ஆண்களோடு சரிக்குச் சரி குதிரை ஓட்டும் ஒரு பெண். கவுன் போட்ட மற்றப் பெண்கள் கூட்டத்தில் அவளால் ஒட்ட முடியவில்லை. நடன விருந்தில் எல்லாருக்கும் ஜோடி கிடைக்க, இவள் ஓரமாக நிற்கிறாள். இதை 'ஸ்வான் ஏரி' போன்ற பழைய பாலேக்களில் தேடாதீர்கள். பெண்கள் கூட்டமாக வாழும் இடத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் கிட்டத்தில் பார்த்தவருக்குத்தான் இது தெரியும். சொராரிட்டி வீட்டை நான் இழுத்தது இதற்காகத்தான். இது என் ஊகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நண்பரின் ஊகத்தைவிட இதற்கு வலு அதிகம்.

அந்த நடனத்தைப் பார்த்த இசையமைப்பாளர் ரோஜர்ஸும் பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைனும் அவரை அழைத்தார்கள். 1943 மார்ச் 31இல் அவர்களுடைய 'ஓக்லஹோமா!' இசைநாடகம் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறி 2,212 முறை நடந்தது. அதுவரை இசைநாடகத்துப் பெண்கள் என்றால் ஒரே உயரம், ஒரே சிரிப்பு, ஒரே நேரத்தில் தூக்கிய கால். ஆக்னஸ் அழகிகள் வேண்டாம், பயிற்சி பெற்ற ஆட்டக்காரர்கள் வேண்டும் என்று சண்டை போட்டார். கூட்டத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு குணம் கொடுத்தார். ஜோன் மெக்கிராக்கன் என்ற பெண் கூட்ட ஆட்டத்தில் தடுமாறி விழுவாள். வேண்டுமென்றே வைத்த விழுகை. சில்வி என்ற அந்தச் சின்னப் பாத்திரம் 'விழுகிற பெண்' என்றே புகழ்பெற்றது.

முதல் அங்கத்தின் முடிவில் வருகிற கனவு நடனத்துக்கு நாயகி லோரியின் கனவைச் சர்க்கஸாக்கலாம் என்ற யோசனை இருந்தது. ஆக்னஸ் மறுத்தார். கலியாணத்துக்கு நிற்கிற பெண்ணின் கனவில் பயமும் ஆசையும் இருக்கும், சர்க்கஸ் இருக்காது என்றார். செய்முறையும் எளிதல்ல. பாடுகிறவருக்கு இவ்வளவு ஆட வராது, ஆடுகிறவருக்கு இவ்வளவு பாட வராது. அதனால் லோரிக்கு ஒரு 'கனவு லோரி'. இருவரும் எதிரெதிரே நின்று கண்ணாடிபோல ஒரே அசைவைச் செய்வார்கள், பிறகு பாடியவர் விலகுவார். அந்தக் கைமாற்றம் பார்வையாளருக்குப் பிடிபடாவிட்டால், அடுத்த கால் மணி நேரமும் "யார் இந்தப் புதுப்பெண்?" என்றே கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாத்திரத்தின் மனசைப் படிக்கத் தெரிந்தவர் போட்ட அமைப்பு இது. இலக்கிய வகுப்பில் நான்கு வருடம் வேறென்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்?

'கரோசல்', 1947இல் டோனி என்ற நாடக விருதை வாங்கிக்கொடுத்த 'பிரிகடூன்' என்ற இசைநாடகங்களையெல்லாம் வேகமாகக் கடக்கிறேன், மணி அடிக்கப்போகிறார்கள். நடன அமைப்பாளர்களுக்கும் உரிமை வேண்டும் என்று போராடினார். 1959இல் தொடங்கிய இயக்குநர், நடன அமைப்பாளர் சங்கத்துக்குப் பின்னாளில் தலைவராகவும் இருந்தார். 1965இல் அமெரிக்கத் தேசியக் கலை மன்றத்தில் உறுப்பினர். பத்துக்கு மேற்பட்ட நூல்கள். ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தைப் படிக்கவும், நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று பேசவும் கால் பயிற்சி போதாது.

1964இல் பிலடெல்பியாவில் ஒரு பயிற்சி வகுப்பில் பின்னாளில் பெயர்பெற்ற நடனக் கலைஞரான ஜூடித் ஜேமிசன் என்ற உயரமான மாணவியைக் கண்டு நியூயார்க்குக்கு அழைத்தவரும் இவர்தான். ஜேமிசன் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவர் என்று நண்பர் பாய்ந்து வருவார். விட்டுப்போனது நடன அகாடமிக்கு. அங்கேயும் பாடம் உண்டு.

1975 மே மாதம், நடனம் பற்றிய உரை நிகழ்ச்சி ஒன்று தொடங்க இருந்த வேளையில், ஆக்னஸுக்கு மூளையில் இரத்தக்கசிவு. வயது 69. வலப்பக்கம் செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகினார். 1977இல் ஜாஃப்ரி பாலே குழுவினர் ஆட, அதே நிகழ்ச்சியை மேடையேற்றினார். அன்று அவர் செய்தது பேசியது மட்டும். நடன வரலாற்றை முழு அரங்கமும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை எந்தப் பாலே பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கண்ணாடி முன்னால் கற்றார் என்று எதிரணி நண்பர் எழுந்து சொல்லட்டும், நடுவர் அவர்களே.