நெட் இல்லாத வைஃபை போட்டாச்சு, ஆனா இந்த போன் பண்ற அட்டகாசம் இருக்கே!

ரெக்கார்ட் ஆகுதா? ஆகுது. வணக்கம் மக்களே! போன வீடியோல ஒரு பழைய ரவுட்டரைத் துடைச்சிட்டே, 'இதுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்'னு சொன்னேன்ல? குடுத்தாச்சு வேலை. இதோ பாருங்க, பின்னாடி பவர் ஒயரும் லேப்டாப்புக்குப் போற ஒயரும் மட்டும்தான். நெட் லைன் கிடையாது, சிம் கிடையாது. ஆனா லேப்டாப்ல இருக்கிற படம் அங்க டிவில ஓடிட்டு இருக்கு!

'நெட் இல்லாம வைஃபை எதுக்கு?'ன்னு கமெண்ட்ல ஒரு கூட்டமே கேட்டிருந்தீங்க. அய்யோ, வைஃபை வேற, நெட் வேற! வைஃபை வீட்டுக்குள்ள மெஷின்களை ஒண்ணோட ஒண்ணு சேக்கிறது, நெட் வெளி உலகத்துக்குப் போற லைன். என் கதையையே எடுத்துக்கோங்க. போன்ல எடுத்த 4 ஜிபி கிளிப்பை பக்கத்துல இருக்கிற லேப்டாப்புக்கு அனுப்ப, இவ்வளவு நாளா கிளவுட்ல ஏத்தி, திரும்ப இறக்கிட்டு இருந்தேன். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை.

செட்டப் பெரிய விஷயமே இல்ல. ரீசெட் ஓட்டைல ஊசியை விட்டு பத்து செகண்ட் அழுத்தினேன். பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சேன், ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கம் வந்துச்சு. உங்களுக்கு வேற நம்பரா இருக்கலாம், ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். பேரு, பாஸ்வேர்டு மாத்தியாச்சு. டிஹெச்சிபி ஆன்லயே இருக்கட்டும், ஒவ்வொரு மெஷினுக்கும் ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்குக்குள்ள அதோட விலாச நம்பர், குடுக்கிறது அதுதான். முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னுதான் நானும் நினைச்சேன். இந்த போன் இருக்கே, இந்த போன்! கனெக்ட் ஆகும். ரெண்டு செகண்ட்ல 'இணைய வசதி இல்லை'ன்னு மூக்கைச் சிந்தும். அப்புறம் சத்தமே இல்லாம மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும். வைஃபைல சேர்ந்த உடனே வெளியில ஒரு சர்வரைத் தட்டிப் பாக்குமாம். பதில் வரலேன்னா 'இந்த வைஃபை தண்டம்'னு அதுவே முடிவு பண்ணிடும். உன்னை யாருடா கேட்டா? 'இருந்தாலும் இதுலயே இருக்கவா?'ன்னு ஒரு தடவை கேட்டுச்சு. நான் கடுப்புல 'திரும்பக் கேக்காதே'ல டிக் அடிச்சு, 'வேணாம்'னு அழுத்திட்டேன். அப்புறம் அது கேக்கவே இல்ல! அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' பண்ணி, மறுபடி சேர்த்து, அரை நாள் போச்சு. நீங்க 'ஆமா'ன்னு அழுத்துங்க. இல்லேன்னா டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு சேருங்க, வம்பே இல்ல.

ஆ, ஒண்ணு விட்டுட்டேன், செட்டப் சொல்லும்போதே சொல்லியிருக்கணும். நான் முதல்ல 'கெஸ்ட்' வைஃபைய ஆன் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். எல்லாம் கனெக்ட் ஆகுது, ஒண்ணுக்கொண்ணு கண்ணுலயே படல! கெஸ்ட்னா விருந்தாளிங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாதுன்னு பொதுவா உள்ளேயே ஒரு தடுப்பு இருக்கும். மெயின் வைஃபைக்கு மாறினதும் சரியாச்சு. விண்டோஸ்காரங்க இன்னொண்ணும் பாருங்க, நெட்வொர்க் 'பப்ளிக்'னு இருந்தா 'பிரைவேட்' ஆக்குங்க. பப்ளிக்ல வாசல் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கும்.

அப்புறம் வேன் போர்ட். ஓட்டுற வேன் இல்லீங்க, ரவுட்டர்ல நெட் லைன் சொருகுற ஓட்டை. அது காலியாவே கிடக்கட்டும். லேப்டாப்பை ஒயர்ல மாட்டணும்னா பக்கத்துல இருக்கிற லேன் போர்ட்ல மாட்டுங்க. அப்படித்தான் மாட்டியிருக்கேன்.

இப்ப ஸ்பீடு! அதே 4 ஜிபி கிளிப். ரவுட்டர் ரெண்டு ரேடியோ அலைவரிசைல வைஃபை குடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பதினஞ்சு நிமிஷம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினேன், மூணே நிமிஷம்! ரெண்டு தடவை அழிச்சு, ரெண்டு தடவை அனுப்பிப் பாத்தேன், சும்மா அந்தப் பச்சைக் கோடு ஓடுறதைப் பாக்கிறதுக்காக. நடுவுல சுவர் வந்தா 5 கொஞ்சம் சோர்ந்துடும், அதனால டிவி மட்டும் 2.4லயே இருக்கு.

படத்துக்கு லேப்டாப்ல ஜெல்லிஃபின் போட்டிருக்கேன், லேப்டாப்ல இருக்கிற படத்தை டிவிக்கு அனுப்புற சாஃப்ட்வேர். வெளியில எங்கயும் அக்கவுண்ட் தொடங்கச் சொல்லாது, அதனாலதான் அது எனக்குப் பிடிக்கும். டிவி ஆப்பை மட்டும் நெட் இருக்கும்போதே இறக்கி வச்சிடுங்க. லேப்டாப்போட ஐபி மாறிட்டே இருந்தா டிவி தேடித் தவிக்கும். ரவுட்டர்ல 'அட்ரஸ் ரிசர்வேஷன்'னு இருக்கும், அதுல பூட்டிடுங்க. தமாஷ் என்னன்னா, என் ரவுட்டருக்கு இன்னிக்கு தேதி 1970 ஜனவரி 1. நேரம் கேக்க அதுக்கு வெளியில ஆள் இல்ல, பாவம்.

இருங்க... டிவில படம் நின்னுடுச்சே? அடச்சே, லேப்டாப்பை மூடி வச்சேன், ஸ்லீப்புக்குப் போயிடுச்சு. மூடினாலும் தூங்காதேன்னு செட் பண்ண மறந்துட்டேன். பண்ணிட்டு வரேன், கேமரா ஓடட்டும்.