கணக்காளர் வாசித்துப் பிழை சொல்லக்கூடிய கணினி மொழி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் ஓரளவு பெரிய கம்பனி எதை எடுத்தாலும், சம்பளக் கணக்கின் விதிகள் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, நெடுங்காலமாக அந்த மேசையில் இருக்கும் கணக்காளரின் தலைக்குள். மற்றது, மென்பொருளுக்குள். தன் தலைக்குள் இருப்பதை அவர் விளக்கிச் சொல்வார். மென்பொருளுக்குள் இருப்பது சரியா என்று கேட்டால் கையை விரிப்பார். அது அவருக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு துறைக்கென்றே சின்னதாக ஒரு கணினி மொழியை வடிவமைத்து இந்த இடைவெளியைக் குறைக்கலாமா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கணினிக்காரர்கள் இதைச் சுருக்கமாக டிஎஸ்எல் என்பார்கள்.

ஆசை பழையது. 1959இல் கோபோல் மொழியை வகுக்கத் தொடங்கியவர்கள், முகாமையாளர்களும் வாசிக்கட்டும் என்று அதை ஆங்கில வாக்கியம் போலவே அமைத்தார்கள். 'வரியைச் சம்பளத்திலிருந்து கழி' என்ற பாணியில்தான் அதில் எழுத வேண்டும். அப்படியிருந்தும் அதை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் புரோகிராமர்கள்தான். 1974இல் ஐபிஎம் கம்பனியில் வெளிவந்த சீக்குவல், அதாவது தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் இன்றைய எஸ்கியூஎல் மொழி, அதன் கதையும் ஏறக்குறைய இதுதான். கணக்காளர் கையில் உண்மையில் நிலைத்தது 1979இல் விசிகல்க் என்ற மென்பொருள் கொண்டுவந்த விரிதாள். எக்செல் அந்த வழியில் வந்த பிள்ளை. அதில் வாக்கியமே கிடையாது, கட்டங்களும் கூட்டல் கழித்தலும்தான். ஆகவே பேச்சு மொழி போலத் தோற்றமளித்தால் விளங்கிவிடும் என்பதை நான் நம்புவதில்லை. அந்தத் துறைக்காரர் நாளாந்தம் கையாளும் விடயங்கள் மட்டும் கண்ணில் படவேண்டும், கணினியின் உள்வேலை எதுவும் படக்கூடாது. அவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம். கிராஜுவிட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் குறைந்தது 5 வருடச் சேவையைப் பூர்த்தி செய்துவிட்டு விலகினால், பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் இறுதிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம். இவ்வளவையும் சொல்லிப் புரோகிராமரிடம் ஒப்படைத்தால் என்ன செய்வார்? சேர்ந்த திகதிக்கும் விலகிய திகதிக்கும் இடைப்பட்ட நாட்களை 365ஆல் வகுத்து, அரை மாதச் சம்பளத்தால் பெருக்கிவிடுவார். 80,000 ரூபா சம்பளத்தில் 11 வருடமும் 9 மாதமும் வேலை செய்தவருக்கு ஏறக்குறைய 470,000 ரூபா வரும். சட்டம் கட்டாயப்படுத்துவது 440,000. அந்த ஒன்பது மாதம் கணக்கில் சேராது. கம்பனி மனமுவந்து கூடக் கொடுத்தால் அது வேறு கதை.

இதைவிட நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. இந்தப் பொறுப்பு, 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் தொழில் தருநருக்கு. புரோகிராமர் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவார். சட்டம் கேட்பது, ஒருவருடைய சேவை முடிவதற்கு முந்திய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளிலாவது 15 பேர் இருந்தார்களா என்று. ஆட்குறைப்பு நடந்த இடத்தில் கடைசியாக வெளியேறுபவருக்குப் பணிக்கொடை உண்டா இல்லையா என்பதே இதில்தான் தங்கியிருக்கிறது.

இதே விதியைச் சிறு மொழியில் எழுதினால் எப்படியிருக்கும்? வாசிக்கிறேன், கேளுங்கள்.

'தகுதி: பூர்த்தியான சேவை வருடம் 5 அல்லது அதற்கு மேல்.
தகுதி: விலகலுக்கு முந்திய 12 மாதங்களில் ஏதேனும் ஒரு நாள், தொழிலாளர் தொகை 15 அல்லது அதற்கு மேல்.
தொகை, மாதச் சம்பளக்காரர்: இறுதி மாதச் சம்பளத்தில் அரைவாசி, பெருக்கல் பூர்த்தியான வருடம்.
தொகை, ஏனையோர்: 14 நாள் சம்பளம், பெருக்கல் பூர்த்தியான வருடம்.
விலக்கு: மோசடி, நிதிக் கையாடல் போன்றவற்றுக்காக நீக்கப்பட்டவர், நட்டத்தின் அளவுக்குக் கழிவு.'

இது விளக்கக் குறிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கணினி இயக்குவது இதே வரிகளைத்தான். கணக்காளர் இதை எழுதப் பழக வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன், அவருக்கு மாத முடிவு இருக்கிறது. விரலை வைத்து 'இந்த வரி பிழை, தம்பி' என்று சொன்னால் போதும்.

கடைசி வரியில் விலக்கு தனியாக நிற்பதைக் கவனித்தீர்களா? சட்டம் பொது விதியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் விலக்கைச் சொல்லும். சாதாரண நிரலில் இரண்டும் 'அப்படியானால், இல்லாவிட்டால்' என்று பின்னிப் பிணைந்து யாருக்கும் விளங்காமல் போய்விடும். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான கட்டலா என்ற மொழி இந்த ஒழுங்கைத் தன் அடித்தளமாகவே எடுத்துக்கொண்டது. சட்ட வாசகத்தைப் பந்தி பந்தியாக வைத்து, அந்தந்தப் பந்திக்குக் கீழேயே நிரலை எழுதுவார்கள். சட்டத்தரணியும் புரோகிராமரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வேலை செய்வதற்கென்றே அது வகுக்கப்பட்டது.

திகதியையும் மொழியே அறிந்திருக்க வேண்டும். எங்கள் வற் வரியை, அதாவது பெறுமதி சேர் வரியைப் பாருங்கள். 2022 பிறக்கும்போது 8 சதவீதம், ஜூனில் 12, செப்டெம்பரில் 15. ஒரே வருடத்தில் மூன்று வீதங்கள்! பிறகு 2024 ஜனவரியில் 18. பழைய பற்றுச்சீட்டு ஒன்றைத் திருத்தும்போது அன்றைய வீதம் வரவேண்டுமே. வீதத்தை வெறும் இலக்கமாக எழுத இடம் கொடுக்காமல், 'இன்ன திகதியிலிருந்து' என்று சொல்லாவிட்டால் ஏற்கவே மாட்டேன் என்று மொழி அடம்பிடிக்க வேண்டும். அந்த மறுப்பையும் கணக்காளருக்கு விளங்கும் சொல்லில் சொல்ல வேண்டும். '47ஆம் வரியில் தொடரியல் வழு' என்று சொன்னால் அவர் கணினியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

செலவும் இருக்கிறது. மொழியை ஒருமுறை செய்துவிட்டால் முடிந்தது என்றில்லை, அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். புறக்கோட்டையில் நான்கு பேரை வைத்துக் கடை நடத்துபவருக்கு இது வீண் செலவு, எக்செல் தாராளமாகப் போதும். நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் போடும் இடம், காப்புறுதி, குத்தகை வசதி கொடுக்கும் கம்பனிகள், இவர்கள் யோசிக்கலாம். யோசிப்பவர்கள் இலக்கணத்தில் கை வைக்க முதல், கடந்த வருடம் தகராறு வந்த சம்பளச் சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான விடை எவ்வளவு என்று கணக்காளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மொழி தயாரானதும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

நன்றி, வணக்கம்.