யெஸ்டியில் ஸ்பார்க் வரவில்லையா? பேட்டரியில் இருந்து தொடங்குங்கள்

வணக்கம் நேயர்களே.

மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் வண்டி செய்யத் தொடங்கி, 1996-ல் மூடப்பட்டது. அங்கே பிறந்த ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் இன்றும் நம் ஊர்த் தெருக்களில் ஓடுகின்றன. அப்பா ஓட்டி, பல வருடம் ஓரமாக நின்ற வண்டியைப் பிள்ளைகள் ஆசையோடு தூசி தட்டி எடுக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, கிக் அடிச்சு அடிச்சு கால் வலிக்குது, ஸ்பார்க்கே வரல. என்ன மாத்தணும்?"

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். பிளக்கில் பொறி இல்லை என்றதும் கை முதலில் பிளக்குக்குப் போகிறது, அப்புறம் காயிலுக்கு, அப்புறம் பர்சுக்கு. ஆனால் இந்த வண்டியில் பொறி பிறக்கும் இடம் பேட்டரி. பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் மேக்னட் சுற்றினாலே பிளக்குக்குக் கரண்ட் வந்துவிடும், பேட்டரியே வேண்டாம். டைனமோ (இன்ஜின் சுற்றும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) வைத்த ஜாவா, யெஸ்டி அப்படியில்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் ஃபியூஸ், சாவி, காயில் (வோல்ட்டை ஏற்றும் கம்பிச் சுருள்), பாயிண்ட் (திறந்து மூடும் சின்னச் சுவிட்ச்) என்று போய், இன்ஜின் பாடி வழியாகத் திரும்பி வருகிறது. பாயிண்ட் திறக்கும் அந்த நொடியில் காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பாய்கிறது. டூ-ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் இது நடந்தாக வேண்டும். அதனால் கரண்ட் எந்த வழியாகப் போகிறதோ, அதே வழியாக நாமும் போய்த் தேடினால் பழுது மாட்டிவிடும்.

பேட்டரியை எடுங்கள். இது 6 வோல்ட், மூன்று அறை. நன்றாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியில் மல்டிமீட்டர் 6.3 அல்லது 6.4 காட்ட வேண்டும். 6-ஐ ஒட்டிக் காட்டினால் கிட்டத்தட்டக் காலி. ஆனால் சும்மா இருக்கும்போது பார்க்கும் வோல்ட்டை மட்டும் நம்பக் கூடாது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். நல்ல பேட்டரி 6 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும். மடமடவென்று 5-க்கு இறங்கினால் உள்ளே தகடு போய்விட்டது. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற பேட்டரியில் தகடு மேல் வெள்ளையாக சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அதை இரவு முழுக்கச் சார்ஜ் போட்டாலும் காலையில் ஒரு கிக், இரண்டு கிக்கோடு தீர்ந்துவிடும். அசிட் மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், அசிட் அல்ல. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது.

சரி, பேட்டரி நன்றாக இருக்கிறது, இன்னும் பொறி இல்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

6 வோல்ட் வண்டியில் ஒரு துருப்பிடித்த ஜாயிண்ட் அரை வோல்ட்டைத் தின்றால், மொத்தத்தில் 8 சதவீதம் போயிற்று. 12 வோல்ட் வண்டியில் அதே அரை வோல்ட் அவ்வளவாக உறைக்காது. பழைய ஜாவாவில் ஃபியூஸ் ஹோல்டர், ஹெட்லைட்டுக்குள் இருக்கும் சாவி சுவிட்ச், காயில் முனை என்று ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் காயிலுக்குப் போய்ச் சேர்வது 4 வோல்ட்தான். பேட்டரி புதுசு, காயில் புதுசு, ஆனாலும் பொறி மஞ்சளாக மினுக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இன்ஜினை நிறுத்திச் சாவியைப் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை, பாடியோடு சேராத பேட்டரி முனையில் வையுங்கள், இன்னொன்றைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் வையுங்கள். 0.2, 0.3 வோல்ட் காட்டினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் வழியில் எங்கோ அடைப்பு. இடையில் இருக்கும் ஒவ்வொரு ஜாயிண்ட்டாக வைத்துப் பார்த்தால் திருடன் எவன் என்று தெரிந்துவிடும். இதை நீண்ட நேரம் செய்யாதீர்கள், காயில் சூடாகும். சாவியைப் போட்டுவிட்டு மறந்துபோனாலும் இதே ஆபத்துதான். ஹெட்லைட்டில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தாவது சாவியை எடுத்துவிடுங்கள்.

எர்த் பக்கமும், அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் பாதையிலும், இதே சோதனைதான்: பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜின் சிலிண்டர் போல்ட்டுக்கும் நடுவில். அழகாகப் பவுடர் கோட்டிங் அடித்து, கண்ணாடி மாதிரி மின்னும் வண்டிகள் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. எர்த் ஒயர் உட்காரும் இடத்திலும், இன்ஜின் ஃபிரேமில் மாட்டும் இடத்திலும் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்ற இரும்பு தெரியும்படி செய்து, நட்டை இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பெயிண்டர் கோபித்துக்கொள்வார், வண்டி ஓடும்.

அடுத்தது பாயிண்ட். வலது பக்கக் கவரைத் திறந்தால் டைனமோ மேலேயே இருக்கும். முழுவதும் திறந்திருக்கும்போது இடைவெளி 0.4 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். முகம் கருத்திருந்தால் மெல்லிய எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, பெட்ரோல் காய்ந்த பிறகு ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுங்கள். எமரித் தூள் உள்ளே நின்றால் அதுவே பொறியைக் கெடுக்கும். கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும், அதாவது பொறி வரும் நேரமும், பின்னால் போகும். அதனால் முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்கிறது என்று அளக்க வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவைத்தான் வைக்க வேண்டும், பக்கத்து வீட்டு வண்டியின் அளவை அல்ல. திறக்கும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு 6 வோல்ட் பல்பைப் பாயிண்ட் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டிச் சாவியைப் போடுங்கள். மூடியிருக்கும்போது அணைந்திருக்கும், திறந்ததும் எரியும்.

கிக் அடிக்கும்போது பாயிண்டில் பெரிதாக நீலப் பொறி பறந்து, பிளக்கில் பலவீனமாக வந்தால், பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொரு வகையும் உண்டு. காலையில் முதல் கிக்கில் ஸ்டார்ட் ஆகும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நின்றுவிடும், அரை மணி ஆறினால் மறுபடி ஓடும். சூட்டில் காயிலோ கண்டென்சரோ விட்டுக்கொடுக்கிறது. இதை ஆறிய வண்டியில் சோதித்துப் பயனில்லை, நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறியைத் தள்ளியே வையுங்கள். பொறி கொழுப்பாக இருந்தும் வண்டி நிற்கிறது என்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துப் பெட்ரோல் இறங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள், இக்னிஷனை (பொறி தரும் அமைப்பை) விட்டுவிடுங்கள்.

இப்போது சார்ஜிங். ஹெட்லைட் 35 வாட் என்றால் 6 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. காயிலையும் சேர்த்தால் டைனமோ தராதபோது சின்னப் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. ஐட்லிங்கில் டைனமோ ஒன்றும் தராது, எனவே நகர நெரிசலில் லைட் போட்டு ஊர்ந்தால் பேட்டரி இறங்கத்தான் செய்யும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு அணைந்து, பேட்டரி முனையில் 7 வோல்ட்டுக்குச் சற்று மேல் வர வேண்டும். வரவில்லையென்றால் டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்ததா, அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் ஆயில் படிந்து கருத்ததா என்று பாருங்கள். அங்கே ஆயில் இருந்தால் வலது பக்கக் கிராங்க் ஆயில் சீலும் போயிருக்கலாம். அது வழியாகக் காற்றும் உள்ளே போய், வண்டி தானாக ரேஸ் ஆகும். அதையும் இக்னிஷன் பழுது என்றே பலர் நினைக்கிறார்கள். 8 வோல்ட்டுக்குப் போனால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒட்டிக்கொண்டது, பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 12 வோல்ட் எலக்ட்ரானிக் கிட் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தினமும் வேலைக்கு ஓட்டுபவர் போடட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கிட்டும் இதே பழைய எர்த், பழைய ஒயரில்தான் உட்காரப் போகிறது. முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள், பலருக்கு அதற்குப் பிறகு கிட்டே தேவைப்படாது. கழற்றிய டைனமோவையும் ரெகுலேட்டரையும் காயலான் கடையில் போடாமல் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் நிலையில் இருக்கும் பழைய கண்டென்சர் ஒன்று டூல் பாக்ஸில் எப்போதும் இருக்கட்டும். இப்போது கிடைக்கும் புதியவற்றில் சில, ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை.

நன்றி, வணக்கம்.