ராக்குக்கு முன்னால் ரான் சிம்மன்ஸ்

அனைவருக்கும் வணக்கம்.

பின்வரிசையில் நாற்பதை ஒட்டிய வயதுக்காரர்கள் நிறையப் பேர் தெரிகிறீர்கள். உங்களுக்கு டிரம்ப் கார்டு நினைவிருக்கும். பெட்டிக்கடையில் வாங்கி வந்து, பள்ளி இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து, உயரம், எடை, மார்பளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அடுத்தவன் கார்டைப் பிடுங்குவோம். ஹல்க் ஹோகன், அண்டர்டேக்கர், பிரட் ஹார்ட் என்று அந்தப் பெயர்கள் எல்லாம் அத்துப்படி. ஆனால் இந்த மனிதர்கள் ரிங்குக்கு வருவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது மட்டும் அந்தக் கார்டில் இருக்காது. நாம் பார்த்து வளர்ந்த மல்யுத்த வீரர்களில் கணிசமானவர்கள் கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர்கள்.

இன்றைய தலைப்பைப் பார்த்ததும் மல்யுத்தத்திலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன ராக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அவரிடமும் வருவேன். ஆனால் அவருக்கு முன்னால் அதே பாதையில் நடந்து, அவருக்குக் கதவைத் திறந்து வைத்த ஒருவர் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் ராக்கைச் சொல்வது நியாயமில்லை. பெயர் ரான் சிம்மன்ஸ்.

மாணவர்களுக்காக ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம்முடைய கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பெரிய கல்லூரிகளின் ஆட்டத்துக்கே எண்பதாயிரம், ஒரு லட்சம் பேர் கூடுவார்கள். அப்படி ஆடிய மாணவர்களுக்கு 2025 வரை கல்லூரி சம்பளம் கொடுத்ததில்லை. படிப்புச் செலவைக் கல்லூரி ஏற்றது, அவ்வளவுதான். தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் நாலு காசு பார்க்கக்கூட 2021 வரை விதி இடம் கொடுக்கவில்லை. அவர்களில் தொழில்முறை அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. சரி, மீதிப் பேர் என்ன செய்வது? இருபத்திரண்டு வயது, மலை போன்ற உடம்பு, இடித்துத் தள்ளத் தெரிந்த தோள். அதற்கு எந்த அலுவலகத்தில் வேலை இருக்கிறது?

அந்தக் கேள்விக்குக் கிடைத்த பழைய விடைகளில் ஒன்று மல்யுத்த ரிங். டார்ட்மத் கல்லூரியில் ஃபுட்பால் ஆடிய கஸ் சோனன்பர்க், 1929 ஜனவரியில் பாஸ்டன் நகரில் எட் 'ஸ்ட்ராங்லர்' லூயிஸை வீழ்த்தி உலகப் பட்டம் வாங்கினார். பிடியும் பூட்டுமாகப் போய்க்கொண்டிருந்த மல்யுத்தத்துக்குள் அவர் கொண்டுவந்தது ஃபுட்பால் மைதானத்தின் 'டேக்கிள்'. ஓடி வந்து, பாய்ந்து, தோளால் இடித்துச் சாய்ப்பது. கோல்ட்பெர்க்கும் ரோமன் ரெய்ன்ஸும் செய்யும் ஸ்பியரைப் பார்த்துக் கை தட்டுகிறோமே, அதற்கும் வேர் அந்த மைதானம்தான். கோல்ட்பெர்க் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர், ரெய்ன்ஸ் ஜார்ஜியா டெக்கின் ஆட்டக்காரர். டெக்சஸில் கேன்யன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே உள்ள வெஸ்ட் டெக்சஸ் ஸ்டேட் என்ற ஒரே கல்லூரியிலிருந்து டஸ்டி ரோட்ஸ், டெர்ரி ஃபங்க், ஸ்டான் ஹான்சன், புரூசர் பிராடி, டெட் டிபியாசி, டிட்டோ சான்டானா என்று ஒரு படையே கிளம்பி வந்தது.

இப்போது சிம்மன்ஸ்.

ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பினப் பையன். 1977-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்கிறார். இன்றைக்கு அது பெரிய பெயர். அன்றைக்கு அப்படி இல்லை. 1973, 74, 75 ஆகிய மூன்று பருவங்களையும் சேர்த்து அந்த அணி ஜெயித்தது நான்கே நான்கு ஆட்டம். 1973-இல் பதினோரு ஆட்டம் ஆடிப் பதினொன்றிலும் தோல்வி. 1976-இல் பாபி பவுடன் பயிற்சியாளராக வந்து அணியைக் கட்ட ஆரம்பிக்கிறார். அடுத்த வருடம் சிம்மன்ஸ் வருகிறார். அவர் ஆடிய நான்கு பருவங்களில் 39 வெற்றி, 8 தோல்வி.

அவர் ஆடிய இடத்துக்கு 'நோஸ் கார்டு' என்று பெயர். எதிரணியில் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பவனுக்கு நேர் எதிரே, மூக்குக்கு மூக்கு வைத்தாற்போல் குனிந்து நிற்பது. ஒரு கை தரையில் ஊன்றியிருக்கும். பந்து அசைந்த நொடியில் பாய வேண்டும். பாய்ந்தால் தடுக்க இரண்டு பேர் வருவார்கள். அந்த இருவரையும் தன் மேல் இழுத்துக்கொண்டால்தான் பின்னால் நிற்கும் சகா தடையில்லாமல் போக முடியும். ஆக, பெயர் வாங்குகிற இடமே இல்லை அது. அடி வாங்குகிற இடம். அந்த இடத்தில் நின்றுகொண்டு 1979-லும் 1980-லும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் ஏறினார். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் விருதின் 1979 வாக்கெடுப்பில் ஒன்பதாவது இடம். பெரும்பாலும் பந்தை எறிகிறவர்களும் ஏந்தி ஓடுகிறவர்களுமே வாங்கும் விருது அது. ஒரு நோஸ் கார்டு அந்தப் பட்டியலில் வருவதே அதிசயம்.

அப்புறம் தொழில்முறை ஆட்டம். 1981-இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி அவரை ஆறாவது சுற்றில்தான் எடுத்தது. கல்லூரியில் போதுமாக இருந்த உடம்பு அங்கே சிறியதாகப் போய்விட்டது. அங்கே நிலைக்கவில்லை. பிறகு யுஎஸ்எஃப்எல் என்ற புதிய லீக்கில் டாம்பா பே பேண்டிட்ஸ் அணி. அந்த லீக், பெரிய லீக்கான என்எஃப்எல் ஏகபோகம் செய்கிறது என்று வழக்குப் போட்டது. 1986 ஜூலையில் தீர்ப்பு. ஏகபோகம்தான், குற்றம்தான் என்றது ஜூரி. நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர். சட்டப்படி மூன்று மடங்காக்கி மூன்று டாலர். லீக் அதோடு முடிந்தது. அதை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களின் பிழைப்பும் முடிந்தது.

அதே 1986-இல்தான் சிம்மன்ஸ் ரிங்கில் ஏறினார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹிரோ மட்சுடா. டாம்பாவில் இருந்த ஜப்பானிய ஆசான். ஹல்க் ஹோகன் முதல் நாள் பயிற்சிக்குப் போனபோது கால் எலும்பை முறித்து அனுப்பினார் என்று ஹோகனே சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட பட்டறை.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஃபுட்பாலிலிருந்து மல்யுத்தத்துக்குப் போவது ஒரு இறக்கம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஃபுட்பாலில் ஒரு மோதல் ஐந்தாறு வினாடியில் முடிந்துவிடும். எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி குனிந்து நிற்கலாம். தலையில் ஹெல்மெட் இருக்கும். ரிங்கில் அது எதுவும் இல்லை. வெறும் உடம்போடு பதினைந்து இருபது நிமிடம். துணிக்கு அடியில் மெல்லிய பஞ்சு, அதற்கு அடியில் பலகை, அதற்கும் அடியில் இரும்பு. அதன்மேல் மல்லாந்து விழப் பழக வேண்டும். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை அடிபடும். இரண்டு கைகளையும் விரித்துத் தரையில் அறைய வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். இதற்கு 'பம்ப்' என்று பெயர். நூறு தடவை, இருநூறு தடவை விழுந்தால்தான் உடம்பு பழகும்.

அதைவிடக் கடினமானது இன்னொன்று. பத்து வயதிலிருந்து உடம்புக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், எதிரில் நிற்பவனை ஊடுருவிக்கொண்டு போ என்பது. ரிங்கில் எதிரில் நிற்பவன் உன்னை நம்பித் தன் கழுத்தைக் கொடுக்கிறான். அவனை இடித்து நொறுக்கியதுபோல் பத்தாயிரம் பேருக்குத் தெரிய வேண்டும், அவன் நாளைக்கு வேறு ஊரில் ஆடும்படி முழுசாகவும் இருக்க வேண்டும். பழைய பாடத்தை அழித்துவிட்டு இதை எழுதிக்கொள்வது லேசான காரியமா?

சிம்மன்ஸுக்கு முதலில் கிடைத்த பெரிய வாய்ப்பு முகமூடிக்குள். 1989-இல் புட்ச் ரீட் என்பவரோடு சேர்ந்து 'டூம்' என்ற ஜோடி. தேசமே பார்த்த கல்லூரி நட்சத்திரத்தின் முகத்தை மூடி வைத்தார்கள். 1990-இல் முகமூடி கழன்றது. அந்த வருடம் மே மாதம் ஸ்டைனர் சகோதரர்களைத் தோற்கடித்து உலக ஜோடிப் பட்டம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். மைதானத்தில் சிம்மன்ஸை யாரும் தடுக்க முடியவில்லை. இரண்டு பேர் வந்து தடுத்தாலும் முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஸ்கோர் போர்டு நிறம் பார்க்காது. மல்யுத்தத்தில் எவ்வளவு பலம் இருந்தாலும், அலுவலக அறையில் ஒருவர் உட்கார்ந்து 'இவனை ஜெயிக்க வைக்கலாம்' என்று முடிவு செய்ய வேண்டும். பாபோ பிரேசில் என்ற கறுப்பின வீரர் 1962-இல் நியூவார்க்கில் அன்றைய சாம்பியன் பட்டி ராஜர்ஸை வீழ்த்தியும், அந்த உலகப் பட்டம் அதிகாரபூர்வமாக ஏற்கப்படவில்லை. இன்னொரு கறுப்பினத்தவரான எர்னி லாட் கிராம்ப்ளிங் கல்லூரியிலிருந்து வந்தவர், ஃபுட்பாலிலும் ரிங்கிலும் பெரிய நட்சத்திரம். அவருக்கும் அந்தப் பெரிய பெல்ட் வாய்க்கவில்லை. முடிவு எழுதப்படுவதுதான் என்றால், இத்தனை வருடம் அது ஏன் இப்படியே எழுதப்பட்டது? எழுதப்பட்டது என்பதால்தான் எனக்கு இது அதிகமாக வலிக்கிறது.

1992 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை, பால்டிமோர். டபிள்யூசிடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனத்தின் உலகச் சாம்பியன் வேடர். அவரோடு ஸ்டிங் மோத வேண்டிய இரவு. கதைப்படி ஜேக் ராபர்ட்ஸ் ஸ்டிங்கை அடித்து வீழ்த்திவிட, வேடருக்கு எதிராக யார் என்று சீட்டுக் குலுக்குகிறார்கள். ரான் சிம்மன்ஸ் பெயர் வருகிறது. வேடரின் உண்மைப் பெயர் லியான் வைட். அவரும் கொலராடோ பல்கலைக்கழகத்து ஃபுட்பால்காரர், முழங்கால் போனதால் ஆட்டத்தை விட்டவர். சீட்டை எடுத்த பில் வாட்ஸ், அன்று அந்த நிறுவனத்தை நடத்தியவர், அவரும் ஓக்லஹோமாவுக்கு ஆடியவர். மூன்று பேரும் ஒரே மைதானத்துப் பிள்ளைகள்.

ஓடி வந்த வேடரை, அந்த இருநூறு கிலோவை நெருங்கும் உடம்பை, சிம்மன்ஸ் இடுப்பில் வாங்கித் தூக்கிச் சுழற்றித் தரையில் அறைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். ரிங்கைப் பார்க்காதீர்கள், கூட்டத்தைப் பாருங்கள். டபிள்யூசிடபிள்யூ உலகப் பட்டத்தை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்.

அந்த முடிவை எடுத்த வாட்ஸைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் ஜங்க்யார்ட் டாக் என்ற கறுப்பின வீரரைத் தான் முன்பு நடத்திய நிறுவனத்தின் முதல் நட்சத்திரமாக்கியவர் இவர். அதே வாட்ஸ், இனவெறிப் பேச்சு நிறைந்த ஒரு பழைய பேட்டி வெளியே வந்த சமயத்தில், 1993 பிப்ரவரியில் பதவியை விட்டுப் போனார். இரண்டும் ஒரே மனிதர்தான். அதற்கு முன்பே, 1992 டிசம்பர் 30-ஆம் தேதி, அதே பால்டிமோரில் பட்டம் வேடரிடம் திரும்பிப் போயிருந்தது. ஐந்து மாதம். எனக்கு இன்றைக்கும் அது போதாத காலமாகத்தான் தெரிகிறது.

1996-இல் சிம்மன்ஸ், இன்று டபிள்யூடபிள்யூஇ என்று பெயர் மாறியிருக்கும் டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனத்துக்கு வந்தார். நமக்கு அவரைத் தெரிந்தது அங்கேதான், ஃபாரூக் என்ற பெயரில். 'நேஷன் ஆஃப் டாமினேஷன்' என்ற கூட்டத்தின் தலைவர். 1997-இல் அந்தக் கூட்டத்தில் ஒரு இளைஞன் சேர்ந்தான். மயாமி பல்கலைக்கழகத்தில் அதே மாதிரித் தற்காப்பு வரிசையில் ஆடியவன். 1991-இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தவன். காயங்கள் வந்தன, அவன் இடத்தை வாரன் சாப் பிடித்துக்கொண்டார். 1995-இல் கனடாவின் கால்கரி அணியும் இரண்டே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியது. பாக்கெட்டில் ஏழு டாலர் இருந்தது என்று இன்றுவரை சொல்கிறார். பின்னால் தன் படக் கம்பெனிக்கே அந்த ஏழு டாலரைப் பெயராக வைத்தார். ஆம், ராக் என்று நாம் அழைக்கும் டுவைன் ஜான்சன்தான். அப்பா ராக்கி ஜான்சனும் தாத்தா பீட்டர் மைவியாவும் மல்யுத்தக்காரர்கள். ஆனாலும் சிரித்த முகத்தோடு வந்த அந்தப் பையனைப் பார்வையாளர்கள் ஏற்கவில்லை, கூச்சலிட்டார்கள். ஃபாரூக்கின் பக்கத்தில் வில்லனாக நின்ற பிறகுதான் ராக் பிறந்தார். 1998 மார்ச்சில் தலைவரையே தள்ளிவிட்டுக் கூட்டத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அந்த நவம்பரில் சாம்பியன்.

தள்ளப்பட்டவர் யார் என்பதை யோசித்துப் பாருங்கள். அடுத்தவன் போக வழி கிடைக்கும்படி அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்வதுதான் நோஸ் கார்டின் வேலை என்று சொன்னேன் அல்லவா? நாற்பதாவது வயதில் சிம்மன்ஸ் ரிங்கில் செய்ததும் அதுதான். பிறகு பிராட்ஷாவோடு சேர்ந்து சீட்டாடிக்கொண்டு, 'டேம்!' என்ற ஒரே சொல்லில் அரங்கத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டு இருந்தார். 2008-இல் கல்லூரி ஃபுட்பால் புகழ்மன்றமும், 2012-இல் டபிள்யூடபிள்யூஇ புகழ்மன்றமும் அவரைச் சேர்த்துக்கொண்டன.

இப்போது டபிள்யூடபிள்யூஇ தானே கல்லூரிகளைத் தேடிப் போகிறது. 2021 டிசம்பரில் அதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, படித்துக்கொண்டிருக்கும்போதே மாணவர்களோடு ஒப்பந்தம் போடுகிறார்கள். ஓர்லாண்டோவில் பெரிய பயிற்சிக்கூடம், ஏழு ரிங், மருத்துவர்கள். மட்சுடாவின் பட்டறை மாதிரி இல்லை. ஆனால் போய்ச் சேருகிற பையனுக்கு அங்கேயும் ஆரம்பப் பாடம் விழுவதுதான். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கைகளை விரித்து, மல்லாந்து.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.